மஞ்சள்னு ஒரு வார்த்தை

அந்தப் பையைச் சித்த அக்கட்டால நகத்தி வெச்சுக்கங்க, நான் உக்காந்துக்கறேன். ஜன்னலெல்லாம் எனக்கு வேண்டாம். காங்கேயம் வரைக்கும்தான். ஊட்ல கார் நிக்குது, நான் பஸ்ஸுல வாரேன். இதுல ஜன்னலுக்கு வேற சண்டை போடுவனா.

பாத்தீங்களா இந்த டிரைவரை? சிக்னல் மாறிப் போச்சு, நடுவுல பூந்து போறான். இவனை எவனும் கேக்க மாட்டான். அரசாங்க பஸ்ஸு. வரி கட்டறவன் போனா மட்டும் கையை நீட்டி ஓரங்கட்டச் சொல்லுவாங்க. நான் சும்மா சொல்லலீங்க, பட்டவன் சொல்றேன்.

என்ற பேரு சென்னியப்பன். ஈரோட்டுல எடைமேடை வெச்சிருக்கறேன். லாரி வந்து மேடை மேல நிக்கும், நான் எடை போட்டுச் சீட்டுக் குடுப்பேன். சீட்டுல என்ன இருக்குதோ அதுதான் எடை. எத்தனை லாரிக்காரன், எத்தனை வியாபாரி. ஒருத்தன் என்ற சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு இது தப்புன்னு சொன்னதில்ல. அப்பேர்ப்பட்ட ஆளைப் பார்த்து ஒரு சின்னப் பொண்ணு, போலீசுல சேந்து எத்தனை நாளாச்சோ, நீங்க சிவப்புல வந்தீங்கங்கறா.

விவரமாச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். வைகாசியில ஒரு கல்யாணம். நானும் என்ற சம்சாரம் கமலவேணியும் கார்ல போறோம். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. நேரமானதுக்கும் அவதான் காரணம், அதை விடுங்க. பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ஒரு சிக்னல் இருக்குது. நான் வாரப்ப மஞ்சள். மஞ்சள்னா என்னங்க அர்த்தம்? ரோட்டுல போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டினவன் போயிரணும்னு அர்த்தம். நான் கோட்டைத் தாண்டிட்டேன். கிட்டத்தட்டத் தாண்டிட்டேன். போயிட்டேன்.

அதுக்குள்ள ஒரு பொண்ணு ரோட்டுக்குள்ள இறங்கிட்டா. கையில தூக்குப்போசி. ஏதோ கம்பெனிக்கு வேலைக்குப் போறவளாட்ட இருக்குது. வண்டியைப் பார்த்து மிரண்டு அவளா விழுந்தா. என்ற வண்டி அவ மேல படவே இல்ல, அதை நான் எங்க வேண்ணாலும் சொல்லுவேன். கையில முட்டியில லேசாச் சிராய்ச்சிருக்கும். போசியில இருந்த சோறு, ரசமெல்லாம் கொட்டிப் போச்சு. அவ்வளவுதான். கேஸுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல. ஏன் சொல்றன்னா, எல்லாரும் அவளை உள்ள இழுத்துப் போட்டுத்தான் விசயத்தைப் பெருசாக்கிட்டாங்க.

அந்தப் பக்கம் நின்ன போலீஸ்காரி கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னா. பூங்கோதைன்னு சட்டையில பேரு.

"சார், சிவப்பு விழுந்து வந்தீங்க. லைசென்ஸ் குடுங்க."

"மஞ்சள்ல வந்தம்மா."

"நான் பார்த்துக்கிட்டுத்தான் சார் நிக்கறேன்."

எனக்கு எப்படி இருக்கும்னு பாருங்க. நாலு பேரு வேடிக்கை பாக்கறான். அதுல ரெண்டு பேரு எடைமேடைக்கு வர்றவனுக. நான் சொன்னேன், உனக்கு என்ன வயசாகுது, நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்ப நீ பொறந்தே இருக்க மாட்ட, உங்க ஊட்ல சோத்துக்கு இல்லாம இந்த வேலைக்கு அனுப்பிட்டாங்களான்னு கேட்டேன். கோவத்துல வர்ற வார்த்தைதானுங்க. கெட்ட வார்த்தை ஒண்ணும் பேசலையே. அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. ஆனா மறுபேச்சுப் பேசல. கையில ஒரு மிஷினு வெச்சிருந்தா, அதுல வண்டி நம்பரைப் போட்டா. அங்கயே என்ற போனுக்கு மெசேஜ் வந்துருச்சு. சலான். சிக்னலை மீறி ஆபத்தா ஓட்டினதா எழுதியிருக்குது. ஆபத்தாம்.

"இங்கயே கட்டறீங்களா, கோர்ட்டுல பாத்துக்கறீங்களா சார்?"ன்னா.

கட்டினா என்ன ஆகும்? நான் தப்புப் பண்ணேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அந்த ஃபைன் எனக்கு ஒரு காசே இல்லீங்க. கட்டறவனெல்லாம் அதைப் புரிஞ்சுக்க மாட்டான். தொல்லை விட்டுச்சுன்னு கட்டிட்டுப் போயிருவான். நான் கோர்ட்டுலயே பாத்துக்கறன்னு சொல்லிட்டேன்.

திரும்பிப் பார்த்தா கார்ல கமலவேணியைக் காணோம். இறங்கிப் பின்னாடி போயிட்டா. ரோட்டோரத்துல அந்தப் பொண்ணை உக்கார வெச்சு, முந்தானையில கையைத் தொடச்சு விட்டுக்கிட்டு இருக்கறா. கல்யாணத்துக்குக் கட்டின பட்டுச்சேலைங்க. நான் ஹாரன் அடிச்சேன். வரல. இன்னும் ரெண்டு தரம் அடிச்சேன். அப்பறம்தான் வந்தா. சேலையெல்லாம் ரசம். மண்டபத்துல நாலு பேரு என்னன்னு கேட்டாங்க, எனக்குத்தான் அசிங்கம்.

செரி, கேஸுக்கு வாரேன். தேவசகாயம்னு ஒரு வக்கீலு. நல்ல மனுசன்தான், ஆனா தைரியம் பத்தாது. அவரு விசாரிச்சுட்டு வந்து சொன்னாரு, அன்னைக்கு அந்த சிக்னல்ல கேமரா ரிப்பேருன்னு. படம் இல்ல. போலீஸ்காரி சொல்றது ஒண்ணுதான் சாட்சி. "நீங்க குத்தத்தை மறுத்துட்டுப் பேசாம நில்லுங்க. அந்தம்மாவை நான் குறுக்கு விசாரணை பண்ணிக்கறேன். எந்த இடத்துல நின்னாங்க, அங்க இருந்து விளக்குத் தெரியுமா, அப்படி ரெண்டு கேள்வி. சந்தேகம் வந்தா போதும், விட்டுருவாங்க"ன்னாரு.

எனக்கு அது புடிக்கலீங்க. சந்தேகத்துல விட்டாங்கன்னு வெளிய வந்து நான் யாருகிட்டச் சொல்றது? திருடனைக் கூடத்தான் சந்தேகத்துல விடறாங்க. எனக்கு சுத்தமா வேணும். நான் சொன்னேன், பக்கத்துல உக்காந்து வந்தவ என்ற சம்சாரம், அவளைச் சாட்சிக்கு ஏத்துங்கன்னு. வக்கீலு யோசிச்சாரு. "வேண்டாங்க. சொந்த சம்சாரம் சொன்னா அதுக்குப் பெரிய மதிப்பு இருக்காது. ஏதாச்சும் வாய் தவறிச்சுன்னா நமக்கே திரும்பும்"ன்னாரு. நான் சிரிச்சேன். கமலவேணிக்கு வாய் தவறுமா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்ற பேச்சுக்கு மறுபேச்சுப் பேசினவ இல்லீங்க அவ. நான் சாப்பாட்டுல உப்பில்லைன்னா இல்ல. இருக்குதுன்னா இருக்குது. அப்படி இருந்த பொம்பளை.

இருந்தாலும் பழக்கி விட்டேன். அவ சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பா. நான் போய் நின்னு திடீர்னு கேப்பேன், "என்ன கலரு?"

"மஞ்சள்ங்க."

"கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தாண்டினதுக்கு அப்பறமும் மஞ்சள்தானுங்க."

அவ்வளவு கரெக்டா சொல்லுவா. துணி மடிக்கறப்ப கேட்டாலும் மஞ்சள். கோயிலுக்குப் போறப்ப கேட்டாலும் மஞ்சள். ஒரே ஒரு தரம், "ஏனுங்க, ஃபைனைக் கட்டிட்டா என்னங்க?"ன்னா. அதுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அப்பறம் அதைப் பத்தி வாயே திறக்கல.

கோர்ட்டுக்கு நீங்க போயிருக்கீங்களா? போகாதீங்க. வராண்டா பூராக் கூட்டம். ஹெல்மெட் போடாதவன், மூணு பேரை ஏத்தினவன், குடிச்சுட்டு ஓட்டினவன். எல்லாவனும் வரிசையில போறான், ஒத்துக்கறனுங்கங்கறான், கட்டறான், போறான். அந்தக் கூட்டத்துல என்னையும் நிக்க வெச்சாங்க. மாஜிஸ்திரேட்டும் ஒரு லேடிதான். அங்கயும் பொம்பளை, இங்கயும் பொம்பளை. என்ற முறை வந்துது. "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"இல்லீங்க"ன்னேன். பின்னாடி சலசலன்னு ஒரு சத்தம். அந்த வராண்டாவுல இல்லன்னு சொன்னவன் நான் ஒருத்தன்தான். பெருமையாத்தான் இருந்துது.

வாய்தா மேல வாய்தா. ஒரு நாள் அந்தப் பூங்கோதை வந்து கூண்டுல ஏறினா. எங்க வக்கீலு நல்லாத்தான் கேட்டாரு. நீங்க நின்ன இடத்துக்கும் விளக்குக்கும் நடுவுல ஒரு மரம் இருக்குதா இல்லையான்னாரு. இருக்குதுங்கன்னா. லாரி ஏதாச்சும் மறைச்சுதான்னாரு. ஞாபகம் இல்லீங்கன்னா. வக்கீலு என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினாரு, போதும், இத்தோட நிறுத்திக்கலாம்னு. எனக்கும் புரிஞ்சுது. ஆனா பாருங்க, நான் அவளைத் திட்டினதை அவ ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும். என்னமோ எனக்கு விட்டுக் குடுக்கற மாதிரி நின்னா. அதுதான் தாங்கல. நான் எந்திரிச்சு, "என்ற சம்சாரம் வந்திருக்கறா, அவளையும் கேளுங்க"ன்னேன். வக்கீலு தலையில கையை வெச்சுக்கிட்டாரு.

வேற ஒரு நாள் குடுத்தாங்க. கமலவேணி ஏறினா. சத்தியம் வாங்கினாங்க. வக்கீலுக்கு இஷ்டமே இல்ல, சட்டுன்னு முடிக்கலாம்னு நேராக் கேட்டுட்டாரு.

"வண்டி கோட்டைத் தாண்டினப்ப சிக்னல்ல என்னம்மா கலர்?"

அவ என்னைப் பார்க்கல. மாஜிஸ்திரேட்டைப் பார்த்தா.

"சிவப்புங்க."

வக்கீலு திரும்பக் கேட்டாரு, "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டனுங்க. சிவப்புத்தான். கோட்டுக்கு நெம்ப முன்னாடியே விழுந்துருச்சு. ஏனுங்க, சிவப்புங்கன்னு நான் சொன்னேன். நீ வாயை மூடிக்கிட்டு வான்னாரு. அந்தப் பொண்ணு நடக்கறவங்களுக்கு விழுந்த பச்சையைப் பார்த்துட்டுத்தான் இறங்குச்சு. அது மேல தப்பில்லீங்க."

அரசு வக்கீலு எந்திரிக்கவே இல்ல. கேள்வி இல்லைன்னுட்டாரு. எதுக்குக் கேக்கறாரு? பூங்கோதை பெஞ்சுல உக்காந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டா. சிரிச்சாளோ என்னமோ.

நான் கேக்கறேன், சத்தியம்னா என்னங்க? ஊட்டுக்காரனைக் காட்டிக் குடுக்கறதா? அவ அப்படிச் சொன்னாளே, வாயை மூடிக்கிட்டு வான்னாருன்னு. நான் சொன்னது "பேசாம வா". ரெண்டும் ஒண்ணா? கோர்ட்டுல போய் வார்த்தையை மாத்திச் சொல்லிட்டா. அதை எழுதியும் வெச்சுட்டாங்க.

தண்டனை ஆச்சு. ஃபைனு. கட்டினேன். லைசென்ஸை மூணு மாசத்துக்கு நிறுத்தி வெச்சு ஆர்.டி.ஓ. ஆபீசுல இருந்து அப்பறம் ஓலை வந்துது. அதுக்குத்தான் இப்ப இந்த பஸ்ஸு. ஆனா அவ சாட்சி சொன்ன அன்னைக்கு நான்தான் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன். கோர்ட்டுல இருந்து ஊட்டுக்கு. வழி பூராக் கேட்டேன். ஏண்டி சொன்ன. அத்தனை தரம் மஞ்சள் மஞ்சள்னியே, அங்க போய் உனக்கு என்ன வந்துது. கையைக் கட்டிக்கிட்டு முன்னாடி பார்த்துக்கிட்டு வாரா. பேசுடின்னு சத்தம் போட்டேன். அப்பத்தான் சொன்னா.

"சமையக்கட்டுல நீங்க கேட்டதுக்கு நீங்க சொல்லச் சொன்னதைச் சொன்னனுங்க. அவங்க நடந்ததைக் கேட்டாங்க. அதைச் சொன்னேன்."

அப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு சிக்னல். சிவப்பு. நின்னேன். நான் எப்பவும் நிக்கறவன்தானுங்க. நின்னுக்கிட்டே, எங்கொப்பன் சொன்னான் அந்த ஊர்ல பொண்ணு எடுக்காதேன்னு, அப்படின்னு ஆரம்பிச்சேன். அவ பெல்ட்டைக் கழட்டினா. கதவைத் திறந்தா. இறங்கினா. கதவைச் சாத்தறதைக் கூட மெதுவாச் சாத்தினா. வண்டிகளுக்கு நடுவுல பூந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போயிட்டா. பச்சை விழுந்துருச்சு. பின்னாடி இருக்கறவனெல்லாம் ஹாரன் அடிக்கறான். நான் என்ன பண்ணறது? வண்டியை எடுத்துட்டுப் போயிட்டேன். அதுக்கும் என்னைத்தான் சொல்றாங்க, இறங்கிக் கூப்புடாம வந்துட்டானாம். நடு ரோட்ல வண்டியை நிறுத்தினா அதுக்கு ஒரு சலான் போட மாட்டாளா இன்னொருத்தி?

காங்கேயத்துல அவ தம்பி இருக்கறான், மோகன்ராசு. தேங்காப் பருப்புக் காய வெக்கற களம், ஒரு செக்கு வெச்சிருக்கறான். அங்க போய் உக்காந்துக்கிட்டா. களத்துல வேலைக்கு வர்ற பொம்பளைங்களை மேற்பார்வை பாக்கறாளாம். என்ற ஊட்ல ஒரு வேலைக்காரி மேல சத்தம் போடத் தெரியாதவ. வெயில்ல தொப்பி போட்டுக்கிட்டு நிக்கறா, நானே பார்த்தேன். கறுத்துப் போயிட்டா. கேட்டா நல்லாத்தான் இருக்கறேங்கறா.

மொதத் தரம் போனப்ப நான் நல்லாச் சத்தம் போட்டேன். களத்துல வேலை செய்யறவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. மோகன்ராசு வந்து, "மாமா, உள்ள வாங்க, சாப்பிட்டுப் பேசலாம்"ன்னான். இலை போட்டாங்க. அவதான் பரிமாறினா. ரெண்டாந்தரம் ரசம் ஊத்தறப்ப, "எப்ப வார?"ன்னேன். "இலையில பேசாதீங்க"ன்னா. அப்படியே திரும்பி வந்துட்டேன்.

அப்பறம் யோசிச்சேன். அவ வர்றது போறது அப்பறம். மொதல்ல என்ற பேரு சுத்தமாகணும். மேல் கோர்ட்டுக்குப் போலாம்னா தேவசகாயம் கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. "உங்க சாட்சியே உங்களுக்கு எதிராச் சொன்னதுக்கு அப்பறம் நான் என்னங்க வாதாடறது? மூணு மாசம்தானே, போய் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க"ன்னாரு. வக்கீலு பேசற பேச்சா இது? நானே உக்காந்து எழுதினேன். டைப் அடிக்கறவன்கிட்டக் குடுத்து அடிச்சு வாங்கினேன். நான் அன்று பதட்டத்தில் தவறுதலாகச் சிவப்பு என்று கூறிவிட்டேன், உண்மையில் அது மஞ்சள். அவ்வளவுதான். கீழ அவ கையெழுத்துப் போட்டாப் போதும். ஒரு கையெழுத்து.

போன வாரம் கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சா. மோகன்ராசு ஃபேனைப் போட்டு விட்டுட்டு வெளிய போயிட்டான். படிச்சு முடிச்சுட்டு மடிச்சு மடியில வெச்சுக்கிட்டா. கிழிச்சுருவாளோன்னு நெனச்சேன். கிழிக்கல.

"போடறனுங்க"ன்னா.

எனக்கு ஆச்சரியம். அப்படி வா வழிக்குன்னு நெனச்சேன். பேனாவை எடுத்து நீட்டினேன்.

"அந்தப் பொண்ணு பேரு என்னங்க?"

"எந்தப் பொண்ணு?"

"விழுந்துச்சே, அது."

"அது எனக்கு எப்படித் தெரியும்? கேஸ் கட்டுலயே அவ பேரு இல்ல."

"இல்லீங்க. அதனாலதான் கேக்கறேன். போய்க் கேட்டுட்டு வாங்க. எங்க இருக்குது, கை எப்படி இருக்குதுன்னு பார்த்துட்டு வந்து, பேரை எங்கிட்டச் சொல்லுங்க. அன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தாரேன். சிவப்பு மஞ்சள் என்ன, நீங்க பச்சைன்னு எழுதிக்கிட்டு வந்தாலும் போடறேன்."

இது என்ன பேச்சுங்க? நீங்களே சொல்லுங்க. கையெழுத்துக்கும் அவ பேருக்கும் என்ன இருக்குது? அந்தப் போலீஸ்காரிகிட்டக் கேட்டாத் தெரியும்ங்கறா. நான் போறதா? அந்தப் பூங்கோதைகிட்டப் போய், அம்மா தாயே, அன்னைக்கு விழுந்தவ யாருன்னு நான் கேட்டுக்கிட்டு நிக்கறதா? இல்ல, அந்தப் பள்ளிக்கூடத்துச் சிக்னல்ல நின்னு, போசியைத் தூக்கிக்கிட்டு வர்றவளையெல்லாம் நிறுத்தி, அன்னைக்கு விழுந்தது நீயாம்மான்னு கேக்கறதா? எடைமேடைக்காரன் கிறுக்குப் புடிச்சு ரோட்ல நிக்கறான்னு சொல்ல மாட்டாங்களா? அந்த வழியாத்தான் தினமும் நடந்து போறேன் இப்ப. வண்டி இல்லையே. நடந்து போறப்பத்தான் தெரியுது, அந்தப் பச்சை எத்தனை சீக்கிரத்துல மாறிருதுன்னு. பாதி ரோடு தாண்டறதுக்குள்ள ஹாரன் அடிக்கறானுக. மனுசன் நடக்கறதா வேண்டாமா. எவனுக்கும் ஒழுக்கம் இல்ல.

மேல் கோர்ட்டுல போடறதுக்கு நாள் முடியப் போகுது. அதனால இன்னைக்குப் போறேன். காகிதம் பையில இருக்குது, புதுசா ஒண்ணு அடிச்சுட்டேன். பேருதானே வேணும் அவளுக்கு, ஏதாச்சும் ஒரு பேரைச் சொல்லிரலாம்னு இருக்கறேன். செல்வின்னு சொன்னா நம்புவாளா? அது பழைய பேரு. அந்தப் பொண்ணுக்கு இருபது இருபத்திரண்டு இருக்கும். நெசமாவே அவளுக்குப் பேரு தெரியுமோ என்னமோ, தொடச்சு விடறப்பவே கேட்டிருப்பா. கேட்டிருந்தா எதுக்கு எங்கிட்டக் கேக்கறா? தெரிஞ்சுக்கிட்டே கேக்கறாளோ? ஆனா பொருத்தமா ஒரு பேரு சொன்னா, அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துரும். சந்தேகம் வந்தாப் போதும்.

ஏனுங்க, உங்களுக்குப் பொம்பளப் புள்ளை இருக்குதா? இருக்குதா. வேலைக்குப் போகுதா? பனியன் கம்பெனிக்கா. அப்ப அந்த வயசுதான் இருக்கும். அது பேரு என்னங்க?

ஏன் அப்படிப் பாக்கறீங்க. பேருதானே கேட்டேன்.